கண்ணுக்கு முந்தும் பந்து

அமெரிக்கச் சிற்றூர்களில் வசந்தம் வந்துவிட்டால் சனிக்கிழமைக் காலைகள் சிறுவர் பேஸ்பால் மைதானங்களுக்கு உரியவை. கம்பி வலை வேலிக்கு அப்பால் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் மட்டையை ஓங்கியபடி நிற்கிறான். இப்பால் மடக்கு நாற்காலிகளில் பெற்றோர் அமர்ந்திருக்கிறார்கள். பலரது கையில் கேமரா அல்லது கைப்பேசி. ஆட்டம் முடிந்து வீடு திரும்பி எடுத்த படங்களைப் பார்க்கும்போதுதான் ஏமாற்றம் தொடங்குகிறது. நானூறு படங்களில் பந்து தெரிபவை மூன்று. அந்த மூன்றிலும் பிள்ளையின் முகம் கலங்கிக் கிடக்கிறது.

மகள் குடும்பத்தோடு சில மாதங்கள் அங்கே தங்கியிருந்தபோது நானும் அந்த வேலியோரம் நின்றிருக்கிறேன். பேரன் ஆடினான், நான் படமெடுத்தேன். முதல் சில வாரங்களின் தோல்விக்குக் கேமராவின்மீது பழிபோட்டேன். அது தவறு என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தபோது உணர்ந்தேன். விளையாட்டைப் படமெடுக்கும் கலையில் விலையுயர்ந்த கருவிக்கு இடமுண்டு. ஆனால் அந்த இடம் நாம் நினைப்பதைவிடச் சிறியது.

முதலில் களத்தைப் பற்றி ஒரு சொல். பென்சில்வேனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்போர்ட் நகரில் 1939-ஆம் ஆண்டு கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் மூன்று அணிகளைக்கொண்டு தொடங்கியதே 'லிட்டில் லீக்' என்னும் சிறுவர் பேஸ்பால் அமைப்பு. பெரியவர்களின் ஆடுகளம் சிறுவர்களுக்குப் பொருந்தாது என்பதை அவர் கண்டார். தொழில்முறை ஆட்டத்தில் ஒரு தளத்திற்கும் அடுத்த தளத்திற்கும் இடையே 90 அடி; ஸ்டாட்ஸ் அதை 60 அடியாகக் குறைத்தார். பந்தெறியும் மேட்டுக்கும் மட்டையாளருக்கும் இடையே பெரியவர்களுக்கு 60 அடி 6 அங்குலம். இன்றைய லிட்டில் லீக் சிறுவர்களுக்கு 46 அடி. சிறுமியருக்கு 1974-இல்தான் கதவு திறந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2014-ஆம் ஆண்டின் லிட்டில் லீக் உலகத் தொடரில் 13 வயது மோனே டேவிஸ் மணிக்கு 70 மைல் வேகத்தில் பந்தெறிந்து, எதிரணியை ஓர் ஓட்டம்கூட எடுக்கவிடாமல் வென்று, 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழின் அட்டையில் இடம்பெற்றார்.

களம் சிறியது என்பதால் ஆட்டம் மெதுவானது என்று எண்ணிவிடக் கூடாது. அளவு சுருங்கியதால் நேரமும் சுருங்கிவிட்டது. தேர்ந்த சிறுவன் ஒருவன் மணிக்கு 60 மைல், அதாவது ஏறத்தாழ 97 கிலோமீட்டர் வேகத்தில் எறிகிறான் என்று கொள்வோம். பந்து நொடிக்கு 27 மீட்டர் பறக்கிறது. மட்டையாளரை அடைய அரை நொடி போதும். கண்ணால் கண்டு, மூளை ஏற்று, விரல் அழுத்த மனிதருக்குக் குறைந்தது நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். அதற்குள் பந்து ஐந்து மீட்டருக்குமேல் கடந்திருக்கும். மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பதோ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. ஆகவே, பந்து மட்டையில் படுவதைப் 'பார்த்து' விசையை அழுத்துபவருக்கு அந்தக் காட்சி கிடைக்கவே கிடைக்காது. பார்த்துவிட்டோம் என்றாலே படம் போய்விட்டது என்று பொருள்.

நொடிக்குப் பத்துப் படங்கள் எடுக்கும் கேமரா இருக்கிறதே, அதை அழுத்திப் பிடித்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நம்பினேன். ஒரு படத்திற்கும் அடுத்த படத்திற்கும் இடையே நொடியில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி. அதற்குள் பந்து 2.7 மீட்டர் தாண்டிவிடும். ஒரு படத்தில் பந்து மட்டையாளருக்கு முன்னால் இருக்கும். அடுத்த படத்தில் கேட்சரின் கையுறைக்குள் இருக்கும். தொடு கணம் அந்த இடைவெளிக்குள் விழுந்து மறைந்துவிடும். ஒரே ஒரு படம் எடுக்கும் வசதி மட்டுமே கொண்டவர், சரியாகக் கணித்தால், சரமாரியாக அழுத்துபவரை வென்றுவிட முடியும்.

அப்படி வென்ற ஒருவரை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. நியூயார்க்கில் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்துநராக இருந்த சார்லஸ் கான்லன் ஓய்வுநேரத்தில் பேஸ்பால் படங்கள் எடுத்தவர். 1910-ஆம் ஆண்டையொட்டிய ஒரு நாளில் மூன்றாம் தளத்தின் அருகே கனத்த கண்ணாடித் தகடு கேமராவுடன் அவர் நின்றிருந்தார். புகழ்பெற்ற டை காப் அந்தத் தளத்தை நோக்கிப் புழுதி பறக்கச் சறுக்கி வந்தார். அங்கு நின்ற ஜிம்மி ஆஸ்டினுக்கு அடிபட்டுவிடுமோ என்ற பதற்றத்தில், தாம் விசையை அழுத்தினோமா இல்லையா என்பதே கான்லனுக்கு நினைவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தகட்டை மாற்றி வைத்துக்கொண்டார். கழுவிப் பார்த்தபோது, பேஸ்பால் வரலாற்றின் மிகச் சிறந்த களப்படங்களுள் ஒன்று அந்தத் தகட்டில் இருந்தது. இதை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆட்டத்தைப் பல ஆண்டுகள் பார்த்துப் பழகிய விரல், அறிவைக் கேட்காமலேயே அழுத்திவிட்டது.

ஆக, கூர்மையான படத்துக்கான முதல் பயிற்சி கேமராவில் இல்லை, ஆட்டத்தில் இருக்கிறது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரிவது கடினமன்று. மட்டையாளர் முன்காலை எடுத்து வைக்கும்போதே அது கவர் டிரைவ் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. பேஸ்பாலிலும் அப்படியே. முதல் தளத்தில் ஓட்டக்காரன் ஒருவன் நிற்கிறான். பந்து தரையோடு உருண்டு வருகிறது. அதைப் பிடிப்பவர் பெரும்பாலும் இரண்டாம் தளத்துக்கே எறிவார். பிடிக்கும் காட்சியை எடுத்தது போதும் என்று லென்ஸை இரண்டாம் தளத்திற்குத் திருப்பி, அங்கே முன்கூட்டியே ஃபோகஸ் செய்து காத்திருப்பவருக்குச் சறுக்கலும் புழுதியும் நடுவரின் உயர்த்திய கையும் கிடைக்கும். பந்தைத் துரத்திச் செல்பவருக்கு முதுகுகள் மட்டுமே கிடைக்கும்.

மட்டையாளர்களுக்கும் தனித்தனிப் பழக்கங்கள் உண்டு. ஒரு சிறுவன் மட்டையைச் சுழற்றுமுன் முன்காலைச் சற்றே தூக்குவான். இன்னொருவன் நாக்கை வெளியே நீட்டுவான். நாக்கு வெளியே வந்ததும் அழுத்த வேண்டும். பந்தைத் தேடக் கூடாது. நான்கு ஆட்டங்கள் பார்த்தபின் என் பேரனின் அணியில் யார் எப்போது சுழற்றுவான் என்பது எனக்குப் பந்தெறிபவனைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

இனி, படம் ஏன் கலங்குகிறது என்பதைப் பார்ப்போம். கலங்கலுக்கு மூன்று வெவ்வேறு காரணங்கள் உண்டு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலரும் தவறான மருந்தைத் தேடுகிறார்கள். சிறுவன் கலங்கியும் அவனுக்குப் பின்னால் உள்ள புல் கூர்மையாகவும் இருந்தால் அது ஃபோகஸின் பிழை. படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் நம் கை அசைந்திருக்கிறது. முகம் தெளிவாக இருந்து கையும் மட்டையும் மட்டும் கலங்கியிருந்தால், ஷட்டர் வேகம் போதவில்லை. முதல் காரணத்துக்கு ஷட்டர் வேகத்தைக் கூட்டி என்ன பயன்? ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்து நோயை அறிந்துகொள்ள ஒரு மாலைப்பொழுது செலவிட்டால் பல வாரங்கள் மிச்சமாகும்.

ஷட்டர் வேகத்திற்கும் கணக்கு உண்டு. பேஸ்பாலின் குறுக்களவு ஏழரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1/250 நொடி ஷட்டரில், நாம் சொன்ன வேகத்தில் வரும் பந்து பத்து சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அதாவது தன் உருவத்தைவிட நீளமான ஒரு வெள்ளைக் கோடாகிவிடும். 1/1000 நொடியில் 2.7 சென்டிமீட்டர், முட்டை வடிவத்தில் தெரியும். 1/2000 நொடியில்தான் தையல் இழைகள் ஓரளவு தெரியத் தொடங்குகின்றன. ஓடும் சிறுவனின் கதை வேறு. நொடிக்கு ஐந்து மீட்டர் ஓடுகிறான் என்றால் 1/1000 நொடியில் அவன் உடல் நகர்வது அரை சென்டிமீட்டர்தான். ஆனால் எறியும் கை, விடுபடும் பந்தின் வேகத்திலேயே செல்கிறது. எனவே ஒரே உடலில் முகத்துக்கு ஒரு வேகமும் விரலுக்கு வேறொரு வேகமும் தேவைப்படுகின்றன.

எல்லாவற்றையும் உறையவைத்தே தீரவேண்டுமா என்பதும் யோசிக்க வேண்டியதே. அசைவை உறையவைப்பதில் முன்னோடியான எட்வர்ட் மைப்ரிட்ஜ், 1878-இல் கலிபோர்னியாவில் பாயும் குதிரையைப் படமெடுத்துப் புகழ்பெற்றவர், பின்னர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மனிதர்களின் அசைவுகளை ஆராய்ந்தார். 1887-இல் வெளியான அவருடைய பெருந்தொகுப்பின் 781 தகடுகளில் பேஸ்பால் எறிபவர்களும் அடிப்பவர்களும் இருக்கிறார்கள். அவை அறிவியலுக்கு அரிய ஆவணங்கள். ஆனால் அவற்றில் ஆட்டம் இல்லை. உடல்கள் மட்டுமே இருக்கின்றன. மட்டையின் நுனி சற்றே கலங்கி, கண்கள் மட்டும் பந்தின்மீது கூர்மையாக நிலைத்திருக்கும் படத்தில்தான் ஆட்டத்தின் வேகம் நமக்கு உறைக்கிறது. அந்தக் கண்கள் கலங்கக் கூடாது என்பதொன்றே விட்டுக்கொடுக்க முடியாத விதி.

ஒளி இன்னொரு சிக்கல். உச்சிவெயிலில் ஷட்டர் வேகத்திற்குப் பஞ்சமில்லை. ஆனால் தொப்பியின் முன்விளிம்பு முகத்தில் கறுப்புப் பட்டையாக நிழல் வீழ்த்தும். சிறுவர்களின் தலைக்கவசம் இன்னும் மோசம். வெள்ளைச் சட்டையைப் பார்த்து ஏமாறும் கேமரா, முகத்தை மேலும் இருட்டாக்கும். சற்று அதிக ஒளியை அனுமதித்து, சட்டை வெளுத்தாலும் முகத்தைக் காப்பாற்ற வேண்டும். மேகமூட்டமான நாளைப் பெற்றோர் சபிப்பார்கள். படமெடுப்பவர் வரவேற்க வேண்டும். மாலை ஆட்டங்களில் விளக்கொளி கண்ணுக்குப் போதும், கேமராவுக்குப் போதாது. அப்போது ஐஎஸ்ஓவை 3200, 6400 என்று உயர்த்தத் தயங்கக் கூடாது. படத்தில் புள்ளி புள்ளியாய் மணல் தூவியதுபோல் வரும், வரட்டும். மணலைப் பின்னர் ஓரளவு துடைக்கலாம். கலங்கலைத் துடைக்க வழியில்லை. ஃப்ளாஷ் வேண்டாம். நேரே எறியப்படும் பந்தை எதிர்கொண்டு நிற்கும் குழந்தையின் கண்ணில் ஒளியைப் பாய்ச்சுவது ஆபத்தானது.

அகலத் துளை கொண்ட நீண்ட லென்ஸ்கள் உதவும் என்பதை மறுக்கவில்லை. அவற்றின் விலை இருசக்கர வாகனத்தின் விலையைத் தாண்டும். அதற்குமுன் செலவில்லாத ஒன்று இருக்கிறது: நிற்கும் இடம். வலக்கை மட்டையாளரின் மார்பும் முகமும் முதல் தளத்தின் பக்கம் நோக்கியிருக்கும். மூன்றாம் தளத்தின் பக்கம் நின்று எடுத்தால் சட்டையின் எண் மட்டுமே தெரியும். இடக்கையாளர் என்றால் இது அப்படியே தலைகீழ். ஆனால் சிற்றூர் மைதானங்களில் பெற்றோர் ஒரே பக்கத்தில்தான் அமர்கிறார்கள். நிழல் இருக்கும் பக்கத்தில்!

கம்பி வலை பலரை விரட்டிவிடுகிறது. லென்ஸின் முகப்பை வலையின் கண்ணொன்றில் ஒட்டினாற்போல் வைத்து, துளையை முழுதாகத் திறந்து, தொலைவில் உள்ள சிறுவன்மேல் ஃபோகஸ் செய்தால் கம்பி கரைந்து மறைந்துவிடும். அரை மீட்டர் பின்வாங்கி நின்றால் கேமரா கம்பியைத்தான் பிடிக்கும். தவறி வரும் பந்து வலையில் மோதக்கூடும் என்பதால், அடிக்கும் கணத்தில் முகத்தை வேலியிலிருந்து விலக்கி வைத்துக்கொள்வது நல்லது. முழந்தாளிட்டு எடுப்பதும் அவசியம். நின்றபடி எடுத்தால் குழந்தை தரையோடு ஒட்டிக் குட்டையாகத் தெரிவான். பின்னணியில் குப்பைத் தொட்டியும் நிறுத்திவைத்த கார்களும் வரும். அவன் கண்மட்டத்துக்கு இறங்கினால் அவன் வானத்தின் முன்னே வீரனாக நிற்பான். என் முழங்கால்கள் இந்த அறிவுரையை ஏற்கவில்லை. ஒரு சிறிய முக்காலி வாங்கிக்கொண்டேன்.

கைப்பேசி மட்டுமே வைத்திருப்பவர் இத்தனையும் தமக்கில்லை என்று சோர்ந்துவிட வேண்டியதில்லை. தொலைவிலுள்ள பந்தெறிபவனை விரலால் இழுத்துப் பெரிதாக்குவதை அவர் விட்டுவிட வேண்டும். அவருக்கு உரிய இடம், தம் முறைக்குக் காத்திருக்கும் சிறுவர்கள் அமர்ந்திருக்கும் பலகை. அங்கே முகங்கள் அருகில் இருக்கின்றன.

இங்குதான் தொழில்நுட்பத்தைத் தாண்டிய ஒரு கேள்வி எழுகிறது. யாரை எடுக்கிறோம்? அசைவுப் படங்களைத் தேடும் கேமரா இயல்பாகவே பந்தெறிபவனிடமும் சிறந்த மட்டையாளனிடமும் போய் நின்றுகொள்கிறது. லிட்டில் லீக் விதிகள் இந்தச் சாய்வை எதிர்த்து வகுக்கப்பட்டவை. அணியில் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் ஆட வாய்ப்புத் தரவேண்டும் என்பது அவற்றில் ஒன்று. இளம் தோள்களைக் காக்க, ஒரு சிறுவன் ஒரு நாளில் எறியும் பந்துகளின் எண்ணிக்கைக்கு 2007 முதல் வரம்பும் உண்டு. 11, 12 வயதினருக்கு 85. நட்சத்திரத்தையே நம்பி ஆட்டத்தை நடத்தக் கூடாது என்பது பயிற்றுநருக்கான கட்டுப்பாடு. படமெடுப்பவருக்கு அப்படி எவரும் விதி எழுதவில்லை.

வலது வெளிக்களம் என்று ஓர் இடம் உண்டு. பெரும்பாலான சிறுவர்கள் வலக்கையாளர்கள் ஆதலால், ஓங்கி அடித்த பந்து இடப்பக்கமே அதிகம் செல்லும். எனவே பந்து பிடிக்கத் தடுமாறும் பிள்ளையை வலது வெளிக்களத்தில் நிறுத்திவிடுவது சிற்றூர் வழக்கம். என் பேரன் அங்கேதான் நின்றான். நான் எடுத்த முதல் ஐந்து ஆட்டங்களின் படங்களில் அவன் அணியின் பந்தெறிபவன் நூற்றுக்கணக்கில் இருந்தான். என் பேரன் மட்டையோடு நின்ற சில படங்களைத் தவிர வேறெங்கும் இல்லை. அவன் புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்ததையும், விமானத்தை அண்ணாந்து பார்த்ததையும் ஆட்டமாக நான் எண்ணவில்லை.

ஆறாவது ஆட்டத்தில் ஓங்கி அடித்த பந்தொன்று அவன் பக்கம் வந்தது. அவன் பின்னோக்கி ஓடி, தடுமாறி, விழுந்தபடியே பிடித்தான். பெற்றோர் எழுந்து ஆரவாரித்தனர். அந்த நொடியில் நான் கேமராவின் பின்திரையில் முந்தைய படம் கூர்மையாக வந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிந்து ஓடிவந்தவன், "தாத்தா, நான் பிடிச்சதைப் பாத்தீங்களா?" என்று கேட்டான். படம் எடுத்தீர்களா என்று கேட்கவில்லை. பார்த்தேன் என்று பொய் சொன்னேன். அவன் நம்பினானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன்பிறகு ஆட்டம் நடக்கும்போது திரையைப் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். கேமராவில் அந்த வசதியை அணைத்துவைக்க ஒரு தெரிவு இருக்கிறது, பயன்படுத்தலாம்.

கூர்மையான அசைவுதான் பேஸ்பாலின் சிறந்த படம் என்ற எண்ணத்தையே மாற்றும் ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 1948 ஜூன் 13 அன்று, நோயால் மெலிந்திருந்த பேப் ரூத் யாங்கி மைதானத்தில் இறுதியாகப் பாராட்டப்பட்டார். படப்பிடிப்பாளர்கள் அவர் முகத்துக்கு எதிரே திரண்டிருந்தனர். நியூயார்க் ஹெரால்டு டிரிப்யூன் இதழின் நாட் ஃபெய்ன் மட்டும் பின்புறமாகச் சென்று, ஃப்ளாஷ் இல்லாமல், ஓய்வு கொடுக்கப்பட்ட 3 என்ற எண் தெரியும் அந்த முதுகை எடுத்தார். மட்டையை ஊன்றி நிற்கும் அந்த மனிதர் அசையவே இல்லை. அடுத்த ஆண்டு அப்படத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. முதுகைப் படமெடுக்காதே என்று மேலே நான் சொன்ன விதி இங்கே உடைகிறது. அவர் எதைக் காட்ட வேண்டும் என்று அறிந்து உடைத்தார்.

பிறர் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நீண்ட லென்ஸோடு வேலியோரம் நிற்கும் அந்நியரைப் பெற்றோர் ஐயத்தோடு பார்ப்பது நியாயமே. முதல் நாளே பயிற்றுநரிடம் அறிமுகப்படுத்திக்கொண்டு, யார் தாத்தா என்பதைச் சொல்லி, இசைவு பெற்றுக்கொள்வது முறை. பெயர், பள்ளி, மைதானம் எல்லாம் தெரியும்படி சமூக ஊடகத்தில் படங்களை அள்ளிவிடுவது கூடாது. மூன்று பந்துகளையும் தவறவிட்டு அழுதுகொண்டே திரும்பும் சிறுவனின் முகம், படம் என்ற வகையில் அருமையாக இருக்கும். நான் அப்படியொன்றை எடுத்தேன்; மிகக் கூர்மையாகவும் வந்திருந்தது. அன்றிரவே அழித்துவிட்டேன்.

பருவம் முடிந்தபோது அணியின் பெற்றோர் படங்கள் கேட்டார்கள். ஒரு சிறுவன் அந்த ஆண்டு முழுவதும் ஒருமுறைகூட முதல் தளத்தை எட்டியதில்லை. அவனுக்குத் தர என்னிடம் அசைவுப் படம் எதுவும் தேறவில்லை. காத்திருப்போர் பலகையில், அவசரமாகக் களம் இறங்கவிருந்த கேட்சரின் கால்கவச வாரை அவன் குனிந்து மாட்டிவிடும் படம் ஒன்று இருந்தது. 1/250 நொடியில், நிழலில் எடுத்தது. விரல்கள் சற்றே கலங்கியிருந்தன. முகம் தெளிவாக இருந்தது. அவன் தாய் இரண்டு பிரதிகள் கேட்டு வாங்கிக்கொண்டார்.